விண்கலம் எந்தக் குளத்தில் இறங்கும்?

விஞ்ஞானத் திரைப்படங்கள் சிலவற்றைத் தெரிந்தெடுத்து ஓர் இரவு முழுவதும் தொடர்ந்து காட்டுகின்ற வழக்கம் மேனாட்டு நகரங்களிலே தோன்றிப் பல்கலைக்கழகத் திரைப்பட வட்டங்கள்வரை வந்து சேர்ந்துள்ளது. ‘மரதன் காட்சி’ என்று அதற்குப் பெயரும் சூட்டியாயிற்று. ஓட்டப்பந்தயத்தின் பெயரைத் திரைக்கலைக்குச் சூட்டியதிலேயே கோளாறு தொடங்கிவிடுகின்றது. எத்தனை படங்கள் ஓடின, எத்தனை பேர் தூங்காதிருந்தனர் என்னும் கணக்கே அங்கு முதன்மை பெறுகின்றது. எவற்றைக் காட்டுவது என்ற கேள்விக்கோ விடை முன்னரே அச்சிடப்பட்டுக் கிடக்கின்றது: ஹொலிவூட்டின் 1951ஆம் ஆண்டுப் பறக்கும் தட்டு, 1977இன் ‘ஸ்டார் வோர்ஸ்’, 1982இன் ‘பிளேட் ரன்னர்’. பட்டியலை யாரோ தொகுத்துவிட்டார்கள். பார்ப்பவர் யாராயினும் அது மாறுவதில்லை.

அப்பட்டியலை ஈச்சிலம்பற்றுக்குக் கொண்டுசெல்லும்பொழுதுதான் அதன் வெறுமை புலப்படும். கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, வெருகலாற்றின் அயலில், வயலையும் கடலையும் நம்பி வாழும் ஊர் அது. பாடசாலை மைதானத்தில் வெள்ளைச் சீலை கட்டி அங்கே ஓர் இரவு விஞ்ஞானப் படங்கள் காட்ட முனைவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது ஒன்றுண்டு. உலக விமரிசகர் புகழ்ந்தவற்றை ஊரார் கண்முன் நிறுத்துவதா, ஊரார் பட்டறிவின் முன் நிற்கத்தக்க படங்களைத் தேடுவதா? இரண்டாவதே நேரிய வழி. முதலாவது வழியைப் பின்பற்றுவோர் படங்களைத் தெரிவுசெய்யவில்லை, பட்டியலைப் படியெடுக்கின்றனர்.

“கிராமத்தவர்களுக்கு இவை விளங்கா, சண்டையும் வேகமும் உள்ள படங்களே போதும்” என்று கூறுவோர் உளர். கிழக்கிலங்கை மண்ணை அறியாதார் கூற்று இது. வட்டக்களரியைச் சூழ அமர்ந்து, வடமோடியையும் தென்மோடியையும் விடியுமட்டும் பார்த்த பார்வையாளர் பரம்பரை இங்குள்ளது. பாரதத்திலே ஒரு சிறு பகுதியை ஓர் இரவு முழுவதும் விரித்தாடினாலும் அவர்கள் சலித்தெழுந்து போனதில்லை. கதையின் முடிவை முன்கூட்டியே அறிந்தும், அது எவ்வாறு நிகழ்கின்றது என்பதைக் காண விழித்திருந்தவர்கள் அவர்கள். பொறுமையற்றவர் என்ற பட்டத்தை நகரத்துப் பார்வையாளருக்கே சூட்டுதல் தகும்.

இதற்கு எதிர்முனையில் நிற்போர், விஞ்ஞானப் படங்கள் மாணவருக்கு விஞ்ஞானம் புகட்டும் என்பர். புகட்டா. ‘ஸ்டார் வோர்ஸ்’ படத்தில் வெற்றிடத்திலே வெடியோசை கேட்கின்றது. பௌதிகவியல் ஆசிரியர் எவரும் அதனை மன்னியார். இவ்வகைப் படங்களின் பெறுமதி வேறிடத்தில் உள்ளது. அறிவின் பெயரால் ஓர் ஆற்றல் உண்டாக்கப்படுகின்றது. அது எவர் தலையில் வந்து விழுகின்றது என்ற வினாவை எழுப்ப வல்லவை அவை. அவ்வினாவை எழுப்பும் படத்தைத் தெரிக; எழுப்பாததை எத்துணைப் புகழ் பெற்றதாயினும் விடுக. ‘ஸ்டார் வோர்ஸ்’ படத்திலே ஒரு முழுக்கோளமே சில வினாடிகளில் பொடியாகின்றது. அதில் மாண்டோருக்காகப் படம் எத்தனை நிமிடம் செலவிடுகின்றது என்று எண்ணிப் பார்த்தல் நன்று.

ஈச்சிலம்பற்று இரவுக்கு நடுநாயகமாக அமையத்தக்கது இஷிரோ ஹொண்டாவின் ‘கொஜிரா’. 1954 மார்ச் 1இல் பிகினித் தீவிலே அமெரிக்கா ஐதரசன் குண்டொன்றைப் பரீட்சித்தது. மீன்பிடிக்கச் சென்றிருந்த ‘ஐந்தாம் புக்குரியு மாரு’ என்னும் யப்பானியப் படகின்மேல் அக்குண்டின் சாம்பல் மழையெனப் பொழிந்தது. இருபத்து மூன்று கடற்றொழிலாளரும் நோயுற்றனர். வானொலி இயக்குநரான குபோயாமா அவ்வாண்டு செப்டெம்பரில் இறந்தார். நவம்பர் 3இல் ‘கொஜிரா’ வெளிவந்தது. படத்தின் தொடக்கமே நடுக்கடலிலே ஒளிவெள்ளம் ஒன்றில் எரிந்தழியும் ஒரு கப்பல்தான். அடுத்து, கப்பற் கம்பனியின் வாசலில் முட்டிமோதி நின்று, போனவர்கள் திரும்புவார்களா என்று கேட்கும் குடும்பங்கள். இக்காட்சிக்கு எந்த மொழியிலும் விளக்கம் வேண்டியதில்லை. கரையில் நின்று கடலைப் பார்த்துக் காத்திருத்தல் என்பதைக் கொட்டியாரத்துப் பெண்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அதே படத்தின் பாராளுமன்றக் காட்சியும் குறிப்பிடத்தக்கது. பேரழிவின் காரணத்தை மக்களுக்கு வெளியிடலாமா என்று வாதம் எழுகின்றது. வெளியிட்டால் அயல்நாட்டு உறவு கெடும் என்கின்றார் ஓர் அரசியல்வாதி. பெண்கள் எழுந்து கூச்சலிடுகின்றனர். ஒரு விலங்குப் படத்தில் இத்தகைய காட்சி எதற்கு என்று கேட்போர், அதனை விலங்குப் படமாக மட்டும் பார்த்தவர்களே. அமெரிக்க வினியோகத்தர்களும் அவ்வாறுதான் பார்த்தனர். 1956இல் அவர்கள் அதனை வெட்டி, றேமண்ட் பேர் என்னும் நடிகரைப் பத்திரிகையாளராகப் புகுத்தி, 96 நிமிடப் படத்தை 80 நிமிடமாக்கினர். கடற்றொழிலாளரின் துயரத்தைத் தன் கண்ணாற் பார்த்துச் சொல்ல ஒரு வெள்ளையர் தேவைப்பட்டார் போலும்! ‘கொஜிரா’வைக் காட்டுவோர் இந்த 1956ஆம் ஆண்டுப் படியைக் கையாலும் தொடலாகாது. 1954இன் மூலமே வேண்டும்.

இங்கு ஒரு வரலாற்று முரணையும் மறத்தலாகாது. 1942 ஏப்ரல் 9இல் திருகோணமலைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தவை யப்பானிய விமானங்கள். அன்றே இக்கரையோரமாகத் தெற்கே சென்ற ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தவையும் அவையே. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, தானே நெருப்பில் வெந்த பின்னர், அதே நாடு இப்படத்தை எடுத்தது.

“2004 டிசெம்பர் 26இல் கடல் எழுந்து வந்து பிள்ளைகளைக் கொண்டுபோன கரையிலே, கடலிலிருந்து எழும் அழிவைக் காட்டுவது கொடுமையல்லவா?” என்று ஒருவர் வினவலாம். புறந்தள்ளத்தக்க வினாவன்று இது. இத்தெரிவுக்கு எதிராகக் கூறத்தக்கவற்றுள் வலிமையுள்ளது இதுவே. ஆயினும் ‘கொஜிரா’ முதன்முதலாகக் காட்டப்பட்டது அணுகுண்டுக்கு ஒன்பது ஆண்டுகளே கழிந்திருந்த யப்பானில், எரிந்த நகரங்களிலிருந்து பிழைத்தோர் முன்னிலையில். துயருற்றோரைத் துயரத்திலிருந்து மறைத்து வைப்பது பரிவு போலத் தோன்றும். அவர்கள் சார்பில் பிறர் முடிவெடுத்தலே உண்மையில் அங்கு நிகழ்கின்றது. படத்தில் வருவது இன்னதென்று முன்னிரவிலேயே ஊராரிடம் தமிழில் எடுத்துரைக்க வேண்டும். வேண்டாமென்று அவர்கள் கூறின் காட்டலாகாது. அத்தீர்ப்பு ஊராருடையது, திரைப்பட வட்டத்தினுடையதன்று.

ஏனையவற்றுள் ‘ஸ்டோக்கர்’ தவிர்க்கவொண்ணாதது. தார்கோவ்ஸ்கி 1979இல் எடுத்த இப்படத்தின் கதை எளியது. வேலியிட்டுப் படைவீரர் காவல்புரியும் ஒரு நிலப்பரப்பு. அதற்கு ‘வலயம்’ என்று பெயர். எழுத்தாளர் ஒருவரையும் விஞ்ஞானப் பேராசிரியர் ஒருவரையும் வழிகாட்டி ஒருவன் அதனுள் இரகசியமாக அழைத்துச் செல்கின்றான். இரண்டே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான படம், மெதுவானது, வெடிச்சத்தம் அருமை. விமரிசகர் இதனைத் தத்துவப் படம் என்பர். ஈச்சிலம்பற்றில் அதற்கு அத்துணைத் தத்துவம் தேவைப்படாது. வடக்கேயுள்ள சம்பூர் மக்கள் 2006இல் போரினாற் பெயர்ந்தனர். 2007இல் அந்நிலம் உயர் பாதுகாப்பு வலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அங்கே நிலக்கரி மின்நிலையம் ஒன்று வருமென்று கூறப்பட்டு, அத்திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. அதே 2006இல் ஈச்சிலம்பற்று மக்களும் வாகரைப் பக்கம் பெயர்ந்தவர்களே. ‘வலயம்’ என்ற சொல்லைப் படத்திலே முதன்முதலாகக் கேட்கும் பார்வையாளரல்லர் அவர்கள். விட்டுவந்த வீட்டுக்குள் புல் வளர்வது எவ்வாறிருக்கும் என்பதைத் தார்கோவ்ஸ்கியைவிட நன்கறிந்தோரும் அங்கிருப்பர்.

கிறிஸ் மார்க்கரின் ‘லா ஜெத்தே’ 1962இல் வெளிவந்தது. 28 நிமிடங்களே ஓடும். அசையாத நிழற்படங்களாலான படம் அது. ஒரேயொரு கணம்மட்டும் ஒரு பெண் கண்விழிக்கும் அசைவு தெரியும். மூன்றாம் உலகப்போரின் பின் பாரிஸ் மக்கள் நிலத்துக்கடியில் வாழ்கின்றனர். பதுங்குகுழி என்னும் சொல்லைப் பிள்ளைப்பருவத்திலேயே கற்ற தலைமுறைக்கு இது எதிர்காலக் கதையாகத் தோன்றுமா என்பது ஐயமே. மெலியஸின் ‘சந்திரப் பயணம்’ 1902இலேயே வந்தது, பதினான்கு நிமிடம். கூர்த்தொப்பிப் பேராசிரியர்கள் சந்திரனுக்குப் போய், அங்குள்ளோரைக் குடையால் அடித்துப் புகையாக்கிவிட்டு, ஒருவனைச் சிறைப்பிடித்து வந்து ஊர்முன் ஆடவைக்கின்றனர். சிறுவர் சிரிப்பர், முதியோர் சிரித்துவிட்டுப் பறங்கியரையும் ஒல்லாந்தரையும் நினைப்பர். இரவை இப்படத்துடன் தொடங்கலாம்.

ஃபிரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபொலிஸ்’ (1927) வேண்டுமா? நிலத்துக்கடியில் உழைப்போரை மூன்று தலைமுறையாக உலகம் மறவாதபடி காட்டிய படம் அது. ஆயின் ஈற்றிலே முதலாளியும் தொழிலாளியும் கைகுலுக்கி எல்லாம் சரியாகிவிடுகின்றது. அம்முடிவைப் பின்னாளில் லாங்கே ஏற்கவில்லை. ஈச்சிலம்பற்று ஏன் ஏற்க வேண்டும்?

இனி, எதிர்பார்க்கப்படும் தலையாய படத்துக்கு வருவோர் ‘2001: விண்வெளிப் பயணம்’ எங்கே என்று கேட்பர். ஆதர் சி. கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008இல் கொழும்பிலே மறைந்தவர். மைக் வில்சனுடன் சேர்ந்து திருகோணமலைச் சுவாமிமலையடியில் மூழ்கி, கோணேசர் ஆலயத்தின் இடிபாடுகளைக் கண்டவர். ஸ்டான்லி குப்ரிக்குடன் சேர்ந்து அப்படத்தின் திரைக்கதையை எழுதியவரும் அவரே. ஆகையால் திருகோணமலை மாவட்டத்திலே அப்படம் கட்டாயம் என்பது பலர் வாதம். ஊர்ப்பெருமை தெரிவுக்கு அளவுகோலாகாது. 70 மில்லிமீற்றர்ச் சுருளில், பெருந்திரைக்கென்றே எடுக்கப்பட்ட படம் அது. தொடக்கத்தில் ஏறத்தாழ 25 நிமிடம் உரையாடலே இல்லை; அந்த மௌனத்தைத் தாங்கிநிற்பது திரையின் பருமனே. கச்சான் காற்றில் படபடக்கும் சீலையில், வாடகை எறிவைப் பெட்டியில் அதனைக் காட்டுவது கிளார்க்குக்குச் செய்யும் மரியாதையன்று. 1968இன் அப்படத்தை விட்டுவிடுதல் தகும்.

கிளார்க்கைப் போற்ற வேறு வழியுண்டு. 1966இல் கல்கத்தாவிலே சத்தியஜித் ராய் தலைவராகவும் அத்ரிஷ் பர்தன் செயலாளராகவும் அமைந்து விஞ்ஞானப் புனைகதைத் திரைப்படங்களுக்கென்றே ஒரு கழகம் தோன்றிற்று. அக்கழகத்தின் பொருட்டு ராய் கிளார்க்குக்கு எழுதிய தொடர்பிலிருந்துதான் ‘ஏலியன்’ என்னும் திரைக்கதை வளர்ந்தது. அதிலே விண்கலம் வோஷிங்டனில் இறங்கவில்லை. வங்காளக் கிராமமொன்றின் தாமரைக் குளத்தில் இறங்குகின்றது. மைக் வில்சன் இடையில் புகுந்து, கொலம்பியா நிறுவனம்வரை கொண்டுசென்று, இறுதியிலே படம் எடுக்கப்படாமலே போயிற்று. ஈச்சிலம்பற்றுக்கு மிகப் பொருந்திய விஞ்ஞானப் படம் இவ்வாறு இல்லாத படமாக உள்ளது. அதன் கதையை யாரேனும் ஒருவர் ‘லா ஜெத்தே’க்கும் ‘ஸ்டோக்கர்’க்கும் இடையே வாயாற் சொல்லலாம்.

தமிழிலே விஞ்ஞானப் படம் இல்லை என்பாரும் உளர். ‘எந்திரன்’ 2010இல் வருவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்னரே, 1963இல், காசிலிங்கம் இயக்கிய ‘கலை அரசி’ உண்டு. வேற்றுலகத்தார் விஞ்ஞானத்தில் உயர்ந்தும் கலை அறியாதிருக்கின்றனர். எனவே பாட்டுக் கற்க பானுமதியைக் கடத்திச் செல்கின்றனர். மீட்கச் செல்பவர் எம்.ஜி.ஆர். நகைப்புக்கு நிறையவே இடமுண்டு. ஆயினும் அறிவு மிக்கவன் எதில் வறியவன் என்று கேட்கும் படம் அது. நள்ளிரவில் கண் அயரும் வேளைக்கு, ‘ஸ்டார் வோர்ஸ்’ இருக்க வேண்டிய இடத்தில், இதனை வைத்தல் நலம்.

எஞ்சுவது மொழி. ‘கொஜிரா’ யப்பான் மொழியிலும், ‘லா ஜெத்தே’ பிரெஞ்சிலும், ‘ஸ்டோக்கர்’ ருஷிய மொழியிலும் பேசும். அடியில் ஓடும் ஆங்கில எழுத்துகள் அங்கு எவருக்கும் பயன்படா. மௌனப்படக் காலத்தில் யப்பானிலே ‘பென்ஷி’ என்போர் திரையருகே நின்று கதை சொல்லினர்; தமிழகக் கொட்டகைகளிலும் அத்தகையோர் இருந்தனர். கூத்திலே கட்டியகாரன் செய்வதும் ஏறத்தாழ இதுவே. ஆகவே ஊரவர் ஒருவரையே அப்பணிக்கு அமர்த்தி, இரண்டு கிழமைக்கு முன்னரே படங்களை அவருக்குக் காட்டி, அவர் தம் பேச்சுவழக்கில் சொல்லப் பயிற்றுதல் வேண்டும். மாரிகாலம் தவிர்த்து, கச்சானும் ஓய்ந்த ஒரு மாதத்தைத் தெரிதல் வேண்டும். இவற்றுக்கு நேரமில்லையெனக் கூறும் வட்டத்தினர் தமது பட்டியலைத் தமது விடுதி மண்டபத்திலேயே காட்டிக்கொள்ளலாம். ஈச்சிலம்பற்றுக்குப் பேருந்துக் கட்டணம் மிச்சம்.