மாணவர் மனநலமும் பள்ளிகளின் தரவரிசையும்

உயர்நிலைப் பள்ளி மாணவரின் மனநலத்தையும் பிறரோடு இணங்கி வாழும் திறனையும் ஒரு வினாத்தாளைக் கொண்டு அளந்துவிடலாம் என்பதும், அவ்வாறு கிடைக்கும் எண்ணை வைத்து எது நல்ல பள்ளி என்று தீர்மானித்துவிடலாம் என்பதும் கல்வித் துறையில் பரவலாக வேரூன்றிய நம்பிக்கைகள். இவற்றுள் முன்னது ஓரளவுக்கே உண்மை. பின்னது தவறு, மாணவருக்குத் தீங்கு விளைவிப்பதும் ஆகும்.

அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டின் இறுதியில் நிறைவேறிய கல்விச் சட்டம், பள்ளிகளை மதிப்பிடும்போது தேர்வு முடிவுகளோடு வேறோர் அளவையும் சேர்த்துக்கொள்ளுமாறு மாநிலங்களைப் பணித்தது. அதற்கு முன்பே கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலிஸ், சான் ஃபிரான்சிஸ்கோ உள்ளிட்ட சில கல்வி மாவட்டங்கள் 'கோர்' என்ற கூட்டமைப்பாக இணைந்து, தன்னைத் தானே நெறிப்படுத்திக்கொள்ளுதல், பிறர் உணர்வை அறிதல் முதலிய பண்புகளை மாணவரிடமே கேட்டு அளந்து, பள்ளியின் மொத்த மதிப்பீட்டில் 8 விழுக்காட்டை அதற்கு ஒதுக்க முற்பட்டன. மதிப்பெண் மட்டுமே கல்வியாகாது என்ற நல்லெண்ணம் இம்முயற்சிக்குப் பின்னால் இருந்ததை மறுப்பதற்கில்லை. பிழை அளவுகோலில் இருந்தது.

மாணவர் தம்மைப் பற்றிய கூற்றுகளுக்குத் தாமே எண் இடும் இத்தகைய கருவி தன்மதிப்பீட்டு வினாத்தாள் எனப்படும். தாம் ஒழுங்காக உழைக்கிறோமா என்று கேட்கப்படும் மாணவர், தம்மைச் சுற்றியிருப்பவரோடு ஒப்பிட்டே விடை தருகிறார். எனவே கடும் உழைப்பை எதிர்பார்க்கும் பள்ளியில் பயில்பவர் தமக்குக் குறைந்த எண்ணையும், எதிர்பார்ப்பு தளர்ந்த பள்ளியில் பயில்பவர் கூடுதல் எண்ணையும் இட்டுக்கொள்வது இயல்பு. ஆய்வாளர்கள் இதனை ஒப்பீட்டுச் சாய்வு என்பர். பாஸ்டன் நகரின் எட்டாம் வகுப்பு மாணவரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வொன்றில், கணிதத்தில் கூடுதல் முன்னேற்றம் கண்ட சாசனப் பள்ளிகளின் (அரசு நிதியில் தன்னாட்சியோடு இயங்கும் பள்ளிகளின்) மாணவர், தன்னடக்கத்திலும் விடாமுயற்சியிலும் தமக்குக் குறைந்த எண்களையே இட்டிருந்தனர். இவ்வெண்களைக் கொண்டு பள்ளிகளை வரிசைப்படுத்தியிருந்தால் மாணவரை முன்னேற்றிய பள்ளிகளே தண்டிக்கப்பட்டிருக்கும். விடாமுயற்சி பற்றிய ஆய்வுகளால் உலகறிந்த உளவியலாளர் ஆஞ்செலா டக்வொர்த், பள்ளிகளை அதைக் கொண்டு தரப்படுத்தலாகாது என்று அதே ஆண்டில் வெளிப்படையாக எழுதியதும் இக்காரணத்தால்தான்.

நாடுகளை ஒப்பிடும்போதும் இதே இடர் எழுகிறது. பல நாடுகளின் மாணவரை ஒப்பிடும் பீசா (PISA) என்ற பன்னாட்டு மதிப்பீட்டின் 2015ஆம் ஆண்டு ஆய்வில் 15 வயது மாணவர் தம் வாழ்க்கை நிறைவுக்கு 0 முதல் 10 வரை எண் இட்டபோது, டொமினிக்கன் குடியரசின் சராசரி 8.5 ஆகவும் தென் கொரியாவின் சராசரி 6.4 ஆகவும் அமைந்தன. இந்த இடைவெளியில் வாழ்வின் வேறுபாடு எவ்வளவு, தன்னைப் பற்றிப் பேசும் மரபின் வேறுபாடு எவ்வளவு என்பதை அந்த எண்களிலிருந்து மட்டும் பிரித்தறிய இயலாது. மேலும், வளர்ந்த நாடுகளில் ஏறத்தாழ 12 விழுக்காட்டு மாணவர் 4 அல்லது அதற்கும் குறைவான எண்ணையே இட்டிருந்தனர். உதவி தேவைப்படும் அந்தப் பிள்ளைகளைத்தான் அந்நாடுகளின் 7.3 என்ற சராசரி கண்ணில் படாமல் மறைத்துவிடுகிறது.

எண்ணோடு பரிசும் தண்டனையும் சேர்ந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். எந்தப் பண்பை மாணவர் தம்மிடம் உண்டென்று சொல்ல வேண்டும் என்பதை ஆசிரியரே கற்றுக்கொடுக்கும் நிர்ப்பந்தம் உருவாகும்; துயரத்தை மறைக்கும் மாணவர் பள்ளிக்கு நன்மை செய்தவராகவும் அதை ஒப்புக்கொள்பவர் பள்ளியின் பெயரைக் கெடுத்தவராகவும் எண்ணப்படுவர். தூக்கமின்மையையோ தனிமையையோ உண்மையாகச் சொல்லும் துணிவை வளரிளம் பருவத்தினரிடமிருந்து பறிக்க இதைவிடக் கொடிய வழி இருக்க முடியாது.

மாணவரிடம் கேட்கவே கூடாது என்பது இதன் பொருளன்று. அவர்களின் விடைகள் பள்ளிக்குள்ளேயே கமுக்கமாகக் காக்கப்பட வேண்டும். ஒரே மாணவரிடம் காலப்போக்கில் தோன்றும் மாற்றத்தைக் கவனிக்கவும், வருந்துபவரை ஆலோசகர் அழைத்துப் பேசவும் மட்டுமே அவை பயன்பட வேண்டும். அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. பள்ளிகளுக்கு மனநல எண் இட முனைந்த அக்காலத்தில், கலிஃபோர்னியாவில் ஓர் ஆலோசகரின் பொறுப்பில் அதைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்ட மாணவர் இருந்தனர்.