படைத்தவரை அறிக்கையிடுகிறோம், பரிணாமத்தை ஏற்கிறோம்
ஓசூர் – கிருஷ்ணகிரிப் பகுதிக் கிறிஸ்தவர்களின் நிலைப்பாட்டு அறிக்கை

நாங்கள் ஓசூர், மத்திகிரி, தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் வாழும், பல சபைகளைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள். பள்ளி ஆசிரியர்கள், சிப்காட் தொழிலாளர்கள், பொறியாளர்கள், செவிலியர்கள், பூ விவசாயிகள், போதகர்கள் எங்களில் உண்டு. கடவுள் உலகைப் படைத்தார் என்று நம்பினால் பரிணாமத்தை மறுக்க வேண்டும், பரிணாமத்தை ஏற்றால் கடவுளைக் கைவிட வேண்டும் என்று எங்கள் பிள்ளைகளுக்கு இரு பக்கமிருந்தும் சொல்லப்படுகிறது. இரண்டையும் நாங்கள் மறுக்கிறோம். எங்கள் நிலைப்பாட்டையும் அதற்கான காரணங்களையும் வெளிப்படையாக முன்வைக்கிறோம்.

இதை இப்போது சொல்வது ஏன்?

என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘மரபும் பரிணாமமும்’ என்றிருந்த பாடம் இன்று ‘மரபு’ மட்டும்தான். கொரோனா காலத்தில் பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லிச் செய்த நீக்கம் 2023-இல் நிலைபெற்றுவிட்டது. 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். தமிழ்நாட்டுப் பாடநூலிலோ பத்தாம் வகுப்பில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ தனிப் பாடமாகவே இருக்கிறது.

ஓசூரில் ஒரே ஞாயிறு பள்ளிக்கு வரும் இரண்டு பிள்ளைகளில் ஒருவர் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தால் டார்வினைப் பத்தாம் வகுப்பில் சந்திக்கிறார். மற்றவர் என்.சி.இ.ஆர்.டி. நூல்களைப் பின்பற்றும் சிபிஎஸ்இ என்றால், மேல்நிலையில் உயிரியல் எடுத்தால்தான் சந்திக்கிறார். அதுவரை பரிணாமம் பற்றி அவர் கேட்பதெல்லாம் வாட்ஸ்அப்பில் வரும் காணொளிகள்தான். அவற்றில் பல, உலகின் வயது சில ஆயிரம் ஆண்டுகளே என்று வேதத்தின் பெயரால் சொல்கின்றன.

நாங்கள் அறிக்கையிடுவது

காண்பவை, காணாதவை அனைத்தையும் படைத்தவர் கடவுள். படைப்பு நல்லது. மனிதர் ஒவ்வொருவரும் அவருடைய சாயலைத் தாங்குகிறார்கள். இந்த விசுவாசத்தை எந்த ஆய்வுக்கூடமும் நிரூபிக்கவோ முறியடிக்கவோ இயலாது. உலகம் ஏன் இருக்கிறது, நாம் யாருக்குச் சொந்தம் என்பதை அது சொல்கிறது. உயிர்கள் எந்தக் காலத்தில், எந்த வழியில் உருவாயின என்பதைப் படைப்பையே ஆராய்ந்து அறியும்படி கடவுள் நமக்கு அறிவைத் தந்திருக்கிறார்.

நாங்கள் ஏற்பது

பூமி மிகப் பழமையானது. இதற்குச் சாட்சி எங்கள் காலடியிலேயே இருக்கிறது. கிருஷ்ணகிரிப் பகுதிப் பாறைகளின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். பாறைக்குள் இருக்கும் சிர்கான் என்னும் சிறு படிகங்களில் யுரேனியம், நாம் அறிந்த வேகத்தில், ஈயமாக மாறிக்கொண்டே வருகிறது. இரண்டின் அளவையும் ஒப்பிட்டு வயதைக் கணிக்கிறார்கள்.

அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650-இல் வெளியிட்ட கணக்குப்படி உலகம் படைக்கப்பட்டது கி.மு. 4004-இல், நோவாவின் வெள்ளம் வந்தது கி.மு. 2348 வாக்கில். எங்கள் மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக்காலச் சான்றின் காலம், அந்த வெள்ளத்துக்குச் சற்றே பின், கி.மு. 2172 என்று 2022-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளோ ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை. அஷர் தம் காலத்துக்குரிய சான்றுகளோடு நேர்மையாக உழைத்தவர். ஆனால் அவருடைய கணக்கை விசுவாசப் பிரமாணமாக்க நமக்குக் கடமை இல்லை.

உயிரினங்கள் மாறி வந்திருக்கின்றன, பொது மூதாதையரிலிருந்து கிளைத்திருக்கின்றன. மாற்றத்தை ஓசூர் ரோஜா விவசாயிகள் நன்கு அறிவார்கள். செஞ்சிலந்திக்கு ஒரே மருந்தைத் தொடர்ந்து அடித்தால், அதைத் தாங்கும் தன்மை இயல்பிலேயே கொண்ட சில பூச்சிகள் மட்டும் தப்பிப் பெருகுகின்றன. சில தலைமுறைகளில் பாலிஹவுஸ் முழுக்க மருந்துக்குக் கட்டுப்படாத பூச்சியாகிவிடும். இயற்கைத் தேர்வு என்பது இதுதான்.

பொது மூதாதையருக்கான சான்று நம் செல்களிலேயே இருக்கிறது. சிம்பன்சிக்கு 24 இணைக் குரோமோசோம்கள், நமக்கு 23. மற்ற இணை எங்கே போயிற்று? நமது இரண்டாம் குரோமோசோமின் நடுவில், இரண்டு பழைய குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டிக்கொண்ட தடம் தெளிவாகத் தெரிகிறது. மனித மரபணுத் தொகுதித் திட்டத்தை வழிநடத்திய பிரான்சிஸ் காலின்ஸ், இயேசுவை வெளிப்படையாக அறிக்கையிடும் கிறிஸ்தவர். இத்தகைய சான்றுகளைக் கண்டே அவர் பரிணாமத்தைக் கடவுள் படைத்த வழியாக ஏற்கிறார்.

வேதத்தை வாசிக்கும் விதம்

ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் ஒளி முதல் நாளில் தோன்றுகிறது, சூரியன் நான்காம் நாளில். அங்கே விலங்குகளுக்குப் பின் மனிதர். இரண்டாம் அதிகாரத்திலோ மனிதனுக்குப் பின் விலங்குகள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்காதவர்கள் அல்லர். அவர்கள் தர விரும்பியது நாட்குறிப்பு அன்று, இறைவனையும் மனிதரையும் பற்றிய உண்மை.

இது டார்வினுக்கு அஞ்சிச் செய்யும் சமாளிப்பும் அன்று. இயற்கையைப் பற்றி அறியாமையோடு பேசும் கிறிஸ்தவரால் வேதமே ஏளனத்துக்குள்ளாகும் என்று புனித அகஸ்டின் ஐந்தாம் நூற்றாண்டிலேயே எச்சரித்தார். 1996-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்றார். உலகின் வயது சில ஆயிரம் ஆண்டுகளே என்று அறிவியல் மொழியில் வாதிடும் இன்றைய இயக்கம் வலுப்பெற்றதோ அமெரிக்காவில், 1961-க்குப் பின்தான்.

தமிழ்க் கிறிஸ்தவத்துக்கும் வேறொரு மரபு உண்டு. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு வேதாகமத்தைத் தமிழாக்கியவர் பீட்டர் பெர்சிவல். அவருடைய மருமகன் ராபர்ட் புரூஸ் ஃபுட், 1863-இல் பல்லாவரத்தில் பழங்கற்கால மனிதரின் கல்லாயுதத்தைக் கண்டெடுத்த நிலவியலாளர். ஏற்காடு ஹோலி டிரினிட்டி ஆலயத்தில் ஃபுட்டின் நினைவுச் சின்னம் இருக்கிறது. வேதமொழிபெயர்ப்பும் தொல்பழங்கால ஆய்வும் இப்படி ஒரே குடும்பத்துக்குள் இருந்திருக்கின்றன.

எங்களுக்குள்ளும் தீராத கேள்விகள்

ஆதாமை வரலாற்றில் வாழ்ந்த தனிமனிதராகக் கொள்வோரும், மனிதகுலம் முழுவதன் உருவாகக் கொள்வோரும் எங்களில் உண்டு. மனிதர் பாவம் செய்யும் முன்பே கோடிக்கணக்கான ஆண்டுகள் உயிர்கள் துன்புற்று மடிந்ததை எப்படிப் புரிந்துகொள்வது என்பதும் எங்களை வருத்தும் கேள்வி. எளிய விடை இருப்பதாக நாங்கள் பாசாங்கு செய்யமாட்டோம். சிலுவையில் கடவுளே துன்பத்துக்குள் வந்தார் என்ற விசுவாசத்தோடு அந்தக் கேள்வியைச் சுமக்கிறோம்.

ஒன்றில் மட்டும் எங்களுக்குள் வேறுபாடு இல்லை. பரிணாமத்தின் பெயரால் இன மேன்மை பேசியவர்கள் அறிவியலுக்கும் துரோகம் செய்தார்கள். வேதமும் மரபணுவும் மனிதகுலம் ஒரே குடும்பம் என்கின்றன. கல்லறையிலும் திருமணத்திலும் சாதி பார்க்கும் சபை இரண்டுக்கும் முன் குற்றவாளியே.

எங்கள் கோரிக்கைகளும் உறுதிமொழிகளும்

1. என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் பாடத்தில் பரிணாமத்தை மீண்டும் சேர்க்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவான அறிவியலைப் படிக்கும் கடைசி வகுப்பு அதுதான்.

2. கிறிஸ்தவ நிர்வாகப் பள்ளிகள் பரிணாமப் பாடத்தைத் தவிர்க்காமலும் அவசரமாகக் கடக்காமலும் முழுமையாக நடத்த வேண்டும். படைப்பு விசுவாசத்தின் இடம் சமய வகுப்பு. அறிவியல் வகுப்பில் அதைப் போட்டிக் கோட்பாடாக வைக்கக் கூடாது.

3. அறிவியல் கடவுளை ஒழித்துவிட்டது என்று வகுப்பில் சொல்லும் ஆசிரியரும் தம் பாடத்தின் எல்லையை மீறுகிறார். அதையும் நாங்கள் ஏற்கவில்லை.

4. சபைகளில் பூமியின் வயதை விசுவாசத்தின் அளவுகோலாக்க மாட்டோம். ஞானஸ்நானத்துக்கோ, நற்கருணைக்கோ, சபைப் பொறுப்புக்கோ அதை நிபந்தனையாக வைக்கமாட்டோம். எங்களோடு உடன்படாத சகோதர சகோதரிகளின் பக்தியைச் சந்தேகிக்கவும் மாட்டோம்.

5. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் கேட்கும் கேள்வியை அடக்கமாட்டோம். எங்களுக்குள் இருக்கும் ஆசிரியர்களையும் மருத்துவத் துறையினரையும் அழைத்துப் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லவைப்போம். இந்தக் கேள்வியை முன்னிட்டு ஒரு பிள்ளைகூடச் சபையை விட்டோ அறிவியலை விட்டோ விலகிப்போக நாங்கள் காரணமாக இருக்கமாட்டோம்.