மேகத்தில் ஒரு கணக்கேடு

துவாரகாவில் இட்லிமாவு அரைத்து விற்கும் அன்பர் ஒருவர் சென்ற மாதம் நம்மிடம் வந்து கலங்கி நின்றார். கடைக் கணிப்பொறி பழுதுற்றது. மூன்றாண்டுக் கணக்கும் அதனோடு போயிற்று. ஜி.எஸ்.டி. பதிவுபெற்றோர் கணக்கேடுகளை ஆண்டறிக்கைக் கெடுவிலிருந்து 72 மாதங்கள் காத்தல் வேண்டும் என்பது சட்டம். கலங்காமல் என் செய்வார்!

மேகக் கணிமை என்றதும் வானத்தை அண்ணாந்து நோக்க வேண்டுவதில்லை. நம் கணக்கு, தொலைவிலுள்ள தரவு மையங்களில் பல படிகளாக இருக்கும். எந்தக் கைப்பேசியிலிருந்தும் திறக்கலாம். மென்பொருளை விலைக்கு வாங்காமல் வாடகைக்கு எடுக்கின்றோம், அவ்வளவே. இத்துறையில் நம்மவர் பின்தங்கினாரில்லை. 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி, 2009-இல் ஜோஹோ எனப் பெயர் மாறிய நிறுவனத்தார், தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்து இத்தகைய மென்பொருள் ஆக்குகின்றனர். குற்றாலச் சாரலருகே எழுதியது துவாரகாவில் கணக்குப் பார்க்கின்றது!

ஆயினும் வாடகை வீட்டின் கவலை இதற்கும் உண்டு. தில்லியில் குடியிருக்கும் நமக்கு அதைச் சொல்லவா வேண்டும்? சந்தா தவறினால் கதவு அடைபடும். இணையம் அறுந்தாலும் இடர்தான். மாதந்தோறும் ஒரு படியை இறக்கி வீட்டிலும் வைத்திருத்தல் நலம்.

அன்பருடைய புதல்வி இப்போது ஞாயிறுதோறும் பழைய பற்றுச்சீட்டுகளைப் பிரித்துப் புதிய கணக்கில் பதிந்து வருகின்றாள். இன்னும் 11 மாதங்களின் சீட்டுகள் எஞ்சியுள்ளன.