விலைபோன படைக்கலச் சாலை

ஒரு நாட்டின் வரலாற்றைப் பகைவன் கொள்ளையிட்டுச் செல்வதும் உண்டு. அந்நாட்டவரே விலைபேசி அனுப்பிவிடுவதும் உண்டு. முன்னையதற்கு நீதி கேட்கலாம். பின்னையதற்கு யாரிடம் சென்று முறையிடுவது?

2003ஆம் ஆண்டில் நேபாளத் தலைநகர் காட்மண்டுவில் நிகழ்ந்த விற்பனையொன்று இக்கேள்வியை எழுப்புகின்றது. அங்கே லகன் சிலேகானா என்னும் பழைய அரண்மனையில், தலைமுறை தலைமுறையாகப் பூட்டிக்கிடந்த ஆயுதக் களஞ்சியத்தை அமெரிக்க வணிகர்கள் விலைக்கு வாங்கினர். ஏறத்தாழ ஐம்பதாயிரம் பழந்துவக்குகள் கப்பலேறின. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துத் தீக்கல் துவக்குகள், பிரன்ஸ்விக் றைபிள்கள், 1853ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டுகள், 1871இல் ஆங்கிலப் படை ஏற்றுக்கொண்ட மாட்டினி-கென்றிகள் எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் போர் வரலாறு முழுவதும் அங்கே குவிந்து கிடந்தது. இன்று அவை அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் சேகரிப்பாளர் இல்லங்களில் சுவரை அலங்கரிக்கின்றன. 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்ட துவக்கை அமெரிக்க மத்திய சட்டம் தொல்பொருளாகக் கொள்வதால், வணிகம் தங்குதடையின்றி நடந்தேறியது.

இவற்றுள் நம் கருத்தைக் கவர்வது ககேந்திரா என்னும் றைபிள். நேபாளப் பிரதமர் வீர் சம்சேரின் மகனான ககேந்திர சம்சேர் மாட்டினி வகையை ஒட்டி, அதன் உள்ளமைப்பை மாற்றி இதனை உருவாக்கினார். நவீன ஆயுதங்களைத் தாராளமாக விற்க ஆங்கிலேயர் மனங்கொள்ளாத காலம் அது. பேரரசின் வாசலிற் கையேந்தி நிற்க விரும்பாத ஒரு சிறு நாடு, தன் கம்மியரின் சுத்தியலையும் அரத்தையும் நம்பித் தானே துவக்குச் செய்தது. குழலின் மேல் நாகரி எழுத்துகளைப் பொறித்தது. அந்த எழுத்துகள் வெறும் அடையாளங்கள் அல்ல. ஒரு சிறு தேசத்தின் தன்மானத்திற்குச் சான்றுகள்.

அத்தகைய சான்றுகளை விற்ற நேபாளத்தின் மீது கல்லெறிய நாம் முன்வரவில்லை. 1996இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் அந்நாட்டை அலைக்கழித்துக்கொண்டிருந்த நேரம் அது. வறிய நாட்டுக்குப் பழைய இரும்பைக் காட்டிலும் பணம் பெரிதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. சவுனியிலுள்ள தேசிய அரும்பொருளகத்தில் பழைய ஆயுதங்கள் பல இன்றும் காட்சிக்கு இருக்கின்றன என்பதையும் நாம் மறைக்க விரும்பவில்லை.

சேகரிப்பாளரையும் நாம் பழிப்பதற்கில்லை. தூசும் இறுகிய கொழுப்பும் மூடிய நிலையில் வந்த துவக்குகளை அவர்கள் பொறுமையோடு துலக்கினர், முத்திரைகளைப் படித்தனர், ஒன்றோடொன்று ஒப்பிட்டு எழுதினர். நேபாளக் கம்மியரின் கைத்திறனை உலகம் பரவலாக அறிந்தது அதன் பின்னரே. சிலர் இத்துவக்குகளைச் சுட்டும் பார்க்கின்றனர். ஈயத்தை வார்த்துக் குண்டு செய்து, தோட்டாவிற் கருமருந்து இட்டு, இலக்கை நோக்கி ஒவ்வொரு வெடியாகச் சுடுவர். சுட்டு முடிந்ததும் கரி அரிக்காதிருக்க வெந்நீர் விட்டுக் குழலைக் கழுவுவர். புகை எவ்வளவு நேரம் கண்ணை மறைத்தது, தோள் எவ்வளவு நொந்தது, போர்வீரன் பட்ட பாடு யாது என்பன ஏட்டைப் படித்து மட்டும் தெரிவன அல்ல. ஆயினும், புகையற்ற புதுமருந்தை அறியாமல் இட்டால் பழங்குழல் வெடித்துச் சுடுபவனையே மாய்த்துவிடும். கையாற் செய்த அரிய துவக்கொன்று சிதைந்தால் அதற்கு மாற்று எங்குமில்லை. ஆதலால், எண்ணிக்கையில் மிகுந்தவற்றைச் சுடுவது கல்வியாகலாம். அரியவற்றைச் சுடுவது அழிவுக்கு வழிகோலுவதாகும்.

நமது குறை வேறொன்று. களஞ்சியம் ஒன்றாக இருந்தபோது அது ஒரு நூல் போன்றது. எந்த ஆயுதம் எதனோடு வைக்கப்பட்டது, எந்தப் படைக்கு எத்தனை வழங்கப்பட்டன என்பனவெல்லாம் அந்நூலின் பக்கங்கள். ஐம்பதாயிரம் வீடுகளுக்குப் பக்கம் பக்கமாகக் கிழித்துக் கொடுத்த பின் அந்த நூலை எவர் படிப்பது?

இலங்கையராகிய நமக்கு இது அயலார் கதையன்று. 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையிலிருந்து கவர்ந்து சென்ற லெவ்கே பீரங்கியும், இரு சுவர்த் துவக்குகளும், வாள்களும், கத்தியுமாக ஆறு பொருள்கள் 2023ஆம் ஆண்டிலேயே நாடு திரும்பின. 258 ஆண்டுகள் கழிந்தும் அவற்றைக் கேட்க முடிந்தது ஏன்? அவை கொள்ளை போனவை என்பதால். நேபாளம் நாளை தன் ககேந்திராவைக் கேட்டால், வாங்கியவன் பற்றுச்சீட்டை எடுத்து நீட்டுவான்.

கொலைக் கருவிகளுக்கு இத்தனை பரிவு எதற்கென்று சிலர் வினவலாம். கால்நூற்றாண்டுக்கு மேல் வெடியோசையோடு வாழ்ந்த மக்களுக்குத் துவக்கின் மீது மோகம் இல்லை, இருக்கவும் முடியாது. துவக்கு என்ன செய்யும் என்பதை நாம் நூலிற் படித்து அறிந்தவர்கள் அல்லர். ஆனால், அரும்பொருளகத்தில் வாளாவிருக்கும் துவக்கு எவரையும் கொல்வதில்லை. யார், எப்பொழுது, எதற்காக அதனை ஏந்தினார் என்று அது பிள்ளைகளுக்குச் சொல்லும். அதனை அறியாத தலைமுறையே மீண்டும் துவக்கைத் தேடிச் செல்லும் என்று நாம் அஞ்சுகின்றோம்.

ஆகவே நாம் வேண்டுவது எளியதொன்றே. எந்த அரசும் பழங் களஞ்சியமொன்றை ஒழிக்குமுன் அதனை எண்ணட்டும், படம் பிடிக்கட்டும், பட்டியல் எழுதட்டும். ஒவ்வொரு வகையிலும் போதிய மாதிரிகளைத் தன்னிடம் நிறுத்திக்கொண்டு எஞ்சியதை விற்கட்டும். நம் நாட்டில் அரசின் பண்டகசாலைகளில் மட்டுமன்றிப் பழைய குடும்பங்களின் பெட்டகங்களிலும் இத்தகையன கிடக்குமாயின், அவற்றுக்கும் இந்த முறையே பொருந்தும். பணம் செலவாகிவிடும். பட்டியல் நிலைக்கும். விற்றதை மீட்க முடியாத நாட்டுக்கு, எதை விற்றோம் என்பதாவது தெரிந்திருக்க வேண்டாமா?