வஸிய்யத்தில் விடுபடும் பக்கம்

சொத்துக்கும் கடனுக்கும் வஸிய்யத் எழுதி வைப்போரே நம் ஜமாஅத்தில் சொற்பம். நினைவு தப்பிய பின் தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று எழுதி வைத்த ஒருவரையும் நாம் இதுவரை கண்டதில்லை.

சென்ற ஆண்டு நம் மஹல்லாவின் பெரியவர் ஒருவர் பதினொரு நாட்கள் வெண்டிலேட்டரில் கிடந்தார். இனி மீள மாட்டார் என்று மருத்துவர்கள் கூறிவிட்டனர். "வாப்பா வீட்டில் கலிமாவைக் கேட்டபடி போகட்டும்" என்றார் மூத்த மகன். "வாப்பாவைக் கொல்லப் பார்க்கிறாயா?" என்றார் இளையவர். நள்ளிரவில் நம்மை அழைத்துத் தீர்ப்புக் கேட்டனர். வாப்பாவின் விருப்பம் என்னவென்று வினவினோம். இருவருக்குமே தெரியவில்லை. மய்யித்தை அடக்கி மாதங்கள் கடந்தும் அவ்விருவரும் ஸலாம் சொல்லிக் கொள்வதில்லை.

மௌத்தைப் பற்றி முன்கூட்டியே எழுதுவது தவக்குலுக்கு முரண் என்பார் உளர். வஸிய்யத் செய்ய வேண்டியது உள்ளவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாது என்று அறிவுறுத்தியவர் நபி (ஸல்) அவர்களே. அவர்களை விடவா நமக்குத் தவக்குல் மிகுதி?

உயிரைப் போக்குவது ஹராம்; அதில் ஐயமில்லை. பலனற்ற சிகிச்சையை விடுவது வேறு. வலிப்பு நோயால் வருந்திய பெண்மணியிடம், பொறுமை கொள்வதையும் துஆவையும் முன்வைத்துத் தேர்வை அவரிடமே விட்டார்கள் நபியவர்கள். மூளையின் இயக்கம் மீளாதவாறு முற்றிலும் நின்றதாக மருத்துவர்கள் உறுதி செய்தால் கருவிகளை அகற்றலாம் என்று 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. ஏனைய நிலைகளில் ஆலிமையும் மருத்துவரையும் ஒருங்கே அமர்த்திக் கேட்பதே முறை. உணவையும் நீரையும் வலி மருந்தையும் மறுத்து எழுதுமாறு நாம் கூறவில்லை.

நாட்டின் சட்டமும் இடம் தருகிறது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இத்தகைய முன்விருப்ப ஆவணத்தை ஏற்றது. மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் வேண்டும் என்ற நிபந்தனையை 2023 ஜனவரியில் தளர்த்தியது. இப்போது இரு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெஜட் பதிவு பெற்ற அதிகாரியின் சான்றும் போதும். நமக்காக முடிவெடுப்போரின் பெயர்களையும் அதிலேயே குறிக்கலாம். ஆயினும் சிகிச்சையை நிறுத்துமுன் இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்ப வேண்டும். எனவே தாள் மட்டுமே எவர் உயிரையும் முடித்துவிடாது. நம் பங்குக்கு, கலிமா சொல்லித்தர அருகில் யார் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதலாம்.

நாம் நம்முடையதைச் சென்ற ஷஅபானில் எழுதினோம். படித்துப் பார்த்த நம் துணைவியார் அன்றிரவு உண்ணவில்லை. மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் தமக்கும் ஒரு தாள் கேட்டார்.