ஆளோலை எழுதிய அடிகள்

எல்லாம் இறைவன் செயல் என்று சொல்வது நம்மவர்க்கு மிக எளிதாகிவிட்டது. மகன் பரீட்சையில் தவறினாலும், வாங்கிய கடனை உரிய காலத்திற் கொடுக்க இயலாது போனாலும், அயல்வீட்டாரோடு கொண்ட பிணக்கைத் தீர்க்க மனமில்லாதிருந்தாலும், அந்த ஒரு சொல்லைக் கூறி அமைதி பெறுகின்றோம். இன்னொரு சாரார், இது தந்தால் அது தருவேன் என்று இறைவனோடு பேரம் பேசித் திரும்புகின்றனர். முன்னது சோம்பல், பின்னது வாணிகம். இவ்விரண்டையும் சரணாகதி என்று வழங்குவது அச்சொல்லுக்கு நாம் இழைக்கும் அநீதியாகும்.

சரணாகதியின் பொருளை நமது சைவ வைணவப் பெரியோர் விரிவாக உரைத்திருக்கின்றனர். இன்று அதனைக் கிறித்தவ வாழ்வின் வழிநின்று காண விழைகின்றோம். அயல்வீட்டு விளக்கின் ஒளியில் நம் வீட்டுப் பொருளும் சில வேளைகளில் துலக்கமாகத் தெரிவதுண்டு. அதற்கு நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. புத்தளம் மாவட்டத்துக் கடற்கரையே போதும்.

அக்கரையில் பல சமயங்கள் அடுத்தடுத்து வாழ்கின்றன. முன்னேசுவரத்திலே சிவன் கோயில். உடப்பிலே தீமிதிப்புக்குப் பெயர்பெற்ற திரௌபதை அம்மன் கோயில். தலவிலையிலே புனித அன்னம்மாள் ஆலயம். புத்தளத்திலும் கற்பிட்டியிலும் பள்ளிவாசல்கள். எனினும் அக்கரை எப்பொழுதும் அமைதியை மட்டும் கண்டதன்று. போர்த்துக்கேயர் முன்னேசுவரக் கோயிலை இடித்தனர். பின்னர் அவர்களை வென்று வந்த ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்தனர். கத்தோலிக்கக் குருமாருக்கு இடங்கொடுப்போர் மரண தண்டனைக்கு உரியர் என்று 1658ஆம் ஆண்டிற் கட்டளை பிறந்தது. ஆண்டவரின் சமயத்தைத் தழுவியிருந்த எளியோர், ஆட்சி மாறியதும் ஒளிந்து நின்று வழிபடலாயினர். ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காலம் அவர்களுக்குக் குருவில்லை.

அந்த இருளிலேதான் புனித யோசேவாஸ் அடிகள் வந்தார். அவர் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி கோவாவிலுள்ள பெனாலிம் என்னும் ஊரிற் பிறந்தவர். குருவாகி ஓராண்டின் பின், 1677ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆந் திகதி, தம்மைத் தேவமாதாவின் நிரந்தர அடிமையென எழுதிக் கையொப்பமிட்டு ஓர் ஆவணம் ஆக்கினார். அடிமை முறை வழக்கிலிருந்த காலம் அது. விற்கப்பட்டவனுக்குத் தன்னுடையது என்று ஒன்றுமில்லை என்பதை யாவரும் கண்ணாற் கண்டிருந்தனர். அவ்விழிநிலையை அவர் தாமே விரும்பி ஏற்றார்.

இதனை வாசிக்கும் சைவ நேயர்களுக்குத் திருவெண்ணெய்நல்லூர் நினைவுக்கு வராமற் போகாது. மணப்பந்தலில் நின்ற சுந்தரரை, கிழவேதியராய் வந்த இறைவன் ஓர் ஆளோலையைக் காட்டி அடிமை கொண்டார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அங்கே ஓலையை நீட்டியவர் ஆண்டவர். சுந்தரர் அதனைக் கிழித்தெறிந்தார். இங்கே அடியவர் தாமே ஓலை எழுதி நீட்டினார். சமயம் வேறு, காலம் வேறு. அடிமையென்னும் சொல்லில் இருவருங் கண்ட விடுதலை ஒன்றே.

ஓலை எழுதுவது ஒரு நாள் வேலை. அதன்படி வாழ்வதோ ஆயுள் முழுவதற்கும் உரிய வேலை. 1687ஆம் ஆண்டில் அடிகள் தூத்துக்குடியிலிருந்து படகேறி, எளிய கூலியாள் கோலத்தில் இலங்கையை அடைந்தார். வந்தவுடன் கொடிய வயிற்றுக் கடுப்பு அவரை வீழ்த்தியது. யாழ்ப்பாணத்திலே கழுத்திற் செபமாலையை அணிந்து, வீடுதோறும் பிச்சைக்காரர் போலச் சென்று, அம்மாலையைக் கண்டு முகம் மலர்வோர் யாரெனக் கவனித்தார். சில்லாலை மக்கள் அவரை மறைத்துக் காத்தனர். ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையாகவே, 1690ஆம் ஆண்டளவில், கண்டியரசனின் ஆட்சிக்குட்பட்டிருந்த புத்தளத்திற்கு வந்து, அக்கரையோர மக்களிடையே பணிபுரிந்தார். அங்கே அவருக்கு ஓரளவு பாதுகாப்பு இருந்தது. மனிதர் தங்கிவிட விரும்பும் இடம் அது. அவரோ 1692ஆம் ஆண்டிற் கண்டிக்குப் புறப்பட்டார். போர்த்துக்கேய ஒற்றன் என்ற ஐயத்தின்பேரில் விலங்கிடப்பட்டுச் சிறைப்பட்டார்.

சிறையில் அவர் செய்தது யாது? விதியை நொந்து வாளாவிருந்தாரல்லர். சிங்களம் கற்றார், சிறைக்கருகே சிறு குடிசைக் கோயில் அமைத்தார். சில ஆண்டுகளில் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் நன்மதிப்பும் அவருக்குக் கிட்டியது. 1697ஆம் ஆண்டிற் கண்டியிலே பெரியம்மை பரவி, அஞ்சியோர் நோயாளரைக் கைவிட்டு ஓடியபோது, அடிகளும் அவருடைய உடன்குருவாகிய கார்வாலோ அடிகளும் சாதி சமயம் பாராது நோயாளரைக் கழுவித் துடைத்து உணவூட்டினர். இறந்தோரைத் தம் கையாலேயே அடக்கஞ் செய்தனர். பின்னர் ஆயர் பதவி அளிக்க முன்வந்தபோது அதனை ஏற்க மறுத்தார். 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆந் திகதி கண்டியிலேயே உயிர் நீத்தார். தாம் பிறந்த கோவாவை அவர் மறுபடி காணவில்லை. 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆந் திகதி கொழும்புக் காலிமுகத் திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார்.

இவ்வரலாற்றிலிருந்து ஒரு வினா எழுகின்றது. தன்னை முழுவதும் ஒப்புக்கொடுத்தவன் முயற்சியையும் ஒப்புக்கொடுத்து விடுவானா? வைணவர் இதனைக் குரங்குக்குட்டி, பூனைக்குட்டி என்னும் இரண்டு உவமைகளால் ஆராய்ந்தனர். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்லும். கிறித்தவர் கெத்சமனித் தோட்டத்தை நினைப்பர். அங்கே இயேசுபெருமான் துன்பக் கிண்ணம் நீங்குமாறு வெளிப்படையாக வேண்டினார். அதன்பின்பே தம் விருப்பமன்று, தந்தையின் விருப்பமே நிறைவேறுக என்றார். ஆசையும் அச்சமும் இல்லாதவன் ஒப்புக்கொடுப்பதற்கு என்ன இருக்கின்றது? அவற்றை மறையாது சொல்லி, பின் இறைவன் காலடியில் வைப்பதே ஒப்புக்கொடுத்தலாகும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இறைவனுக்குப் பணிதல் வேறு. வலியோருக்கெல்லாம் பணிதல் வேறு. உழைப்பவனைப் பார்த்து உன் கூலி இவ்வளவே, இறைவன் சித்தம் என்று முதலாளி சொல்வதும், துன்புறும் மருமகளைப் பொறுத்துக்கொள் என்று வீட்டார் அடக்குவதும் சரணாகதிப் போதனையல்ல. அதன் பெயரால் நடக்கும் கொடுமை. யோசேவாஸ் அடிகள் ஒல்லாந்தரின் கட்டளைக்குப் பணியவில்லை. ஓர் ஆண்டவனுக்கு முற்றும் அடிமையானமையாலேயே வேறெவருக்கும் அவர் அடிமையாகவில்லை. தன்னைக் கொடுக்க வேண்டியவன் தானே. பிறரைப் பிடித்துக் கொடுக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

இதனைப் புத்தளக் கரையோர மீனவர் நன்கு அறிவர். சோளகக் காற்றின் போக்கைப் பார்ப்பார்கள். கிழிந்த வலையைப் பொத்துவார்கள். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வாடியைப் பெயர்த்துக்கொண்டு வேறு கரைக்குச் செல்வார்கள். இவ்வளவுஞ் செய்த பின்பே சிலுவையடையாளமிட்டோ, திருநீறணிந்தோ கடலில் இறங்குவார்கள். வலையைப் பொத்தாதவனின் வணக்கமும், கடலைத் தன் சொத்தென எண்ணுவோனின் முயற்சியும் அக்கரையில் நெடுநாள் நிலைப்பதில்லை.

யோசேவாஸ் அடிகளின் பின் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளும் அவ்வாறே வாழ்ந்தவர். தமிழும் சிங்களமும் கற்று இருமொழியிலும் பல நூல்கள் இயற்றினார். தவக்காலத்தில் தமிழ்க் கத்தோலிக்கர் வாசிக்கும் வியாகுலப் பிரசங்கம் அவருடையது. 1742ஆம் ஆண்டு புத்தளம் மாவட்டத்துப் போலவத்தையிலே அவர் இறந்தார். அங்கேயே அடக்கஞ் செய்யப்பட்டார். பிறந்த நாட்டையும் தாய்மொழியையும் விட்டவருக்குத் தமிழுலகம் கடமைப்பட்டிருக்கின்றது.

மாணவ நேயர்களே, உங்கள் பாடத்தை நீங்களே படிக்க வேண்டும். அதனை இறைவன் படித்துத் தரமாட்டார். ஆனாற் படித்து எழுதி முடித்தபின், பெறுபேறு வரும் நாள்வரை நெஞ்சை எரித்துக்கொண்டிருப்பது உங்கள் வேலையன்று. பெற்றோரும், பிள்ளை தாம் எண்ணிய பதவியை அடையாவிடினும் அவன் தம் பிள்ளையே என்று ஏற்பாராக. நம்மால் இயன்றதை ஒளியாது செய்து, இயலாததை இறைவனிடம் விட்டு, வருவதை நன்றியோடு ஏற்பவன் எவனோ, அவனே எழுதாமலேயே ஆளோலை எழுதிக் கொடுத்தவன் என்பது நமது துணிபு.