மாத்திரை ஒட்டாது சாமி!

போன வாரம் நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். "விழித்திரை பிரியறதுக்கு மெலடோனின் நல்லதுன்னு படிச்சேன். தூக்கத்துக்குப் போடற மாத்திரைதானே, வாங்கிப் போட்டா என்ன?" விசாரிச்சா, ரெண்டு நாளா அவர் கண்ணுக்குள்ள மின்னல் வெட்டுதாம், கரும்புள்ளியா மிதக்குதாம். எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. "முதல்ல கண் டாக்டர்கிட்ட ஓடுங்க, மிச்சம் அப்புறம்"னு போனை வச்சேன்.

அந்த மிச்சம்தான் இது.

மெலடோனின், 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னர் குழு மாட்டின் பினியல் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்த ஹார்மோன். விழித்திரையிலும் கொஞ்சம் உற்பத்தியாகுது. விழித்திரை பிரிஞ்சா, ஒளி உணரும் செல்களுக்குப் பின்னாலிருந்து வர்ற ஆக்சிஜனும் சத்தும் தடைபடும். பட்டினியில் சாக ஆரம்பிக்கும். மெலடோனின் ஒரு ஆன்டி-ஆக்சிடன்ட். ஆபரேஷன் வரைக்கும் அந்த செல்களை அது காப்பாத்துமா? நியாயமான கேள்வி, ஆராயட்டும்.

ஆனா 1992-ல் வந்த ஒரு ஆய்வில், மெலடோனின் கொடுத்த வெள்ளெலிகளுக்கு வெளிச்சத்தால் விழித்திரை சேதம் அதிகமாச்சு. ஆக, 'நல்லது'ன்னு ஒத்தை வார்த்தையில முடிக்கிற விஷயம் இல்லை. 2024-ல் அமெரிக்க மருத்துவப் பதிவுகளை வச்சு வந்த ஆய்வு, மெலடோனின் எடுத்தவங்களுக்கு வயசானா வர்ற மேக்குலா சிதைவு குறைவுன்னு சொன்னது. அது வேற வியாதிங்க. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது.

என் கட்சி இதுதான்: செல்லைக் காப்பாத்தறது வேற, பிரிஞ்சதை ஒட்டறது வேற. எந்த மாத்திரையும் ஒட்டாது. 1920களில் சுவிட்சர்லாந்தின் லோசானில் ஜூல் கோனன், கிழிசலைத் தேடிப் பிடிச்சு சூடு போட்டு அடைச்சுக் காட்டற வரைக்கும், இந்த வியாதி வந்த கண் போன கண்தான். இன்னைக்கு லேசர், வாயு, விட்ரெக்டமின்னு எல்லாம் இருக்கு. ஆனா நடுப்பார்வை தர்ற மேக்குலா பிரியறதுக்கு முன்னால போய்ச் சேரணும். வலியே இருக்காதுங்கறதுதான் இதுல இருக்கிற சூழ்ச்சி. திடீர் மின்னல், புதுப் புள்ளிகள், ஓரத்துல திரை விழுந்த மாதிரி நிழல்: அன்னைக்கே ஓடுங்க. கிட்டப்பார்வை அதிகம் உள்ளவங்களும் கண்புரை ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களும் கூடுதல் ஜாக்கிரதை.

நண்பருக்குச் சின்னக் கிழிசல்தான், இன்னும் பிரியலை. லேசர் வச்சு அடைச்சுட்டாங்க. மெலடோனின் போட்டிருந்தா அன்னைக்கு நல்லா தூங்கியிருப்பார். அவ்வளவுதான்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. அதனாலதான் டாக்டர்கிட்ட போகச் சொல்றேன் :-)